எண்பது துளிக் கணக்கு

கேள்வி: எனக்கு 26 வயது. மாதத்தில் நான்கைந்து தடவை தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. உடம்பு மெலிந்துவிட்டது, கால் ஓய்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் 6,500 ரூபாவுக்கு ஒரு டின் ஆயுர்வேத லேகியம் வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று டின் முடிக்க வேண்டுமாம். தையில் கல்யாணம். தள்ளிப்போடவா? லேபிளை இணைத்திருக்கிறேன். – பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: தம்பி, லேபிளை மேசை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். பாய்கிற குதிரை ஒன்று. அதன் கீழே சிவப்பு எழுத்தில், 'ஒரு துளி விந்து = 80 துளி இரத்தம்'. சேர்மானம் என்ற இடத்தில் 'அரிய மூலிகைகள்' என்பதோடு சரி. செய்தவர் விலாசமும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை. குதிரையைக் கொஞ்சம் சின்னதாக வரைந்திருந்தால் இரண்டுக்கும் இடம் கிடைத்திருக்கும்.

சரி, அவர்களுடைய கணக்கையே போடுவோம். ஒரு தடவை வெளியேறுவது ஏறக்குறைய 3 மில்லிலீற்றர். எண்பதால் பெருக்கினால் 240. உங்களுக்கு மாதம் ஐந்து தடவை என்றால் 1,200. உடம்பில் ஓடுகிற மொத்த இரத்தமே ஐந்து லீற்றர்தான். இரத்ததானத்தில் 450 மில்லிலீற்றர் எடுத்துவிட்டு நான்கு மாதத்துக்குத் திரும்ப வரவேண்டாம் என்கிறார்கள். லேபிள் சொல்வது உண்மையென்றால் உங்கள் கடிதம் எனக்கு வந்தே சேர்ந்திராது.

உண்ட உணவு சாரமாகி, இரத்தமாகி, உடம்பைக் கட்டும் ஏழு தாதுக்களில் ஏழாவதான சுக்கிலமாகிறது, அதாவது விந்தாகிறது என்று ஆயுர்வேதம் சொல்கிறதுதான். ஆனால் அதே ஆயுர்வேதத்தில், அதன் மூலநூலாசிரியரான சரகர் அடக்கக்கூடாத 13 வேகங்களை, அதாவது உடம்பின் இயற்கை உந்தல்களைச் சொல்லும்போது சிறுநீர், தும்மல், கொட்டாவி, கண்ணீரோடு சுக்கிலத்தையும் ஒன்றாக வைக்கிறார். நம்முடைய சித்த மருத்துவம் 14 என்று எண்ணும். அதிலும் சுக்கிலம் உண்டு. தும்மலை நிறுத்த மூன்று டின் லேகியம் யாரும் விற்கவில்லை, கவனித்தீர்களா?

பழைய பரியாரிமார் இதற்குச் சொன்னது இராச்சாப்பாட்டை நேரத்தோடு முடி, உறைப்பைக் குறை, சிறுநீர் கழித்துவிட்டுப் படு என்பதுதான். செய்து பாருங்கள், செலவில்லை. பெயரில்லாத டின் அப்படியல்ல. இந்தக் குறைக்கென்று ஈயத்தின் தம்பியான வெள்ளீயத்தைப் புடம் போட்டுப் பொடியாக்கிய வங்க பற்பம் கொடுக்கும் வழக்கம் உண்டு. உங்கள் டின்னில் என்ன இருந்ததென்று யாருக்குத் தெரியும்? 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உங்கள் ஊர்ப் பக்கம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பல்கலைக்கழகப் படிப்பாகவே படிப்பிக்கிறார்கள். பதிவுபெற்ற வைத்தியர் இருக்கிற ஊரில் குதிரையிடம் ஏன் போனீர்கள்?

மெலிவும் கால் ஓய்ச்சலும் வேறு விஷயம். இரத்தச்சோகை, தைரொயிட், சீனி மூன்றையும் பரிசோதியுங்கள். ஒன்றுமில்லையென்றால் பயம்தான் உங்களைத் தின்கிறது. விந்து போனால் பலம் போகும் என்கிற இந்தப் பயத்துக்கு 1960இலேயே இந்திய மனநல மருத்துவர் விக் 'தாத் சின்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார். நீங்கள் முதல் ஆளில்லை. சிறுநீர் எரிவோ, விந்தில் இரத்தமோ கண்டால் மட்டும் நாள் கடத்தாமல் டொக்டரிடம் போங்கள்.

கல்யாணத்தை ஏன் தள்ள வேண்டும்? தையில் மண்டபம் கிடைப்பதே கஷ்டம். மிச்ச இரண்டு டின்னின் 13,000 ரூபாவை அதற்கு முற்பணமாகக் கட்டுங்கள்.