பழைய ஜீப்பில் எஞ்சின் சூடானாலும் டெம்பரேச்சர் முள் அசையவில்லை, மீட்டரை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள், பெரும்பாலும் கோளாறு சென்சாரிலோ அதற்குப் போகும் ஒற்றை வயரிலோதான் இருக்கும். எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் நின்றாலும் முள் சரியாக ஏறாது. அப்புறம் தெர்மோஸ்டாட் (எஞ்சின் தண்ணீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) பக்கத்தில் இருக்கும் சென்சாரிலிருந்து வயரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வயர் நுனியை எஞ்சினின் வெறும் இரும்பில் ஓரிரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்கள், அதிக நேரம் வைத்தால் மீட்டரே போய்விடும். முள் சூடு பக்கம் ஏறினால் சென்சார்தான் அவுட். ஏறாவிட்டால் கோளாறு வயரிலோ மீட்டரிலோ இருக்கும். எரிபொருள் முள்ளும் கூடவே தப்பாகக் காட்டுகிறதா? அப்படியானால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு மீட்டருக்கும் சீரான மின்சாரம் தரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் மேல்தான் என் சந்தேகம். புது சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைக் கண்டபடி சுற்றாதீர்கள், சென்சாருக்கு எஞ்சின் இரும்பு வழியாக எர்த் கிடைக்காது.