கேமராவுக்காகப் புது ரவுட்டர் வாங்க வேண்டுமா?

கேள்வி: என் மளிகைக் கடையில் நான்கு கேமரா, ஒரு டிவிஆர் (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) இருக்கின்றன. வீட்டிலிருந்து போனில் பார்க்க வேண்டும் என்றதற்கு, மாட்டியவர் ரவுட்டரில் 'போர்ட் ஓபன்' செய்து கொடுத்தார். இப்போது இன்னொருவர், "இது ஆபத்து, ஃபயர்வால் (வேண்டாத இணைப்பைத் தடுக்கும் காவல்) உள்ள ரவுட்டர் போடுங்கள், 15,000 ரூபாய் ஆகும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: ஆபத்து என்றது நிஜம். 15,000 ரூபாய்க்குத்தான் இப்போது அவசரமில்லை.

நாம் கேட்காமல் வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) வீட்டு ரவுட்டர் பொதுவாக உள்ளே விடாது. 'போர்ட் ஓபன்' என்று அவர் செய்த போர்ட் ஃபார்வர்டிங், வெளியிலிருந்து வருவதை நேராக டிவிஆருக்கு அனுப்பும் வழி. அதைப் போட்டதும் அந்த டிவிஆரின் கதவை யார் வேண்டுமானாலும் தட்டலாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபரில் அவற்றை ஏவி, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கில் வரவில்லை.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். 'போர்ட் ஃபார்வர்டிங்' அல்லது 'விர்ச்சுவல் சர்வர்' பகுதியில் டிவிஆருக்கான வரியை நீக்குங்கள். கூடவே யூபிஎன்பி-யையும் (UPnP, கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிவிஆரே மறுபடி திறந்துகொள்ளும். டிவிஆர் பாஸ்வேர்டையும் கட்டாயம் மாற்றுங்கள். போனில் பார்க்க டிவிஆர் கம்பெனியின் ஆப் போதும்; படம் அவர்கள் சர்வர் வழியாகப் போவது பிடிக்காதென்றால் விபிஎன் (வெளியிலிருந்து பூட்டிய பாதையில் கடை இணைப்புக்குள் நுழைவது) வசதியுள்ள ரவுட்டர் தேவை.

அப்படி வாங்கத்தான் வேண்டுமென்றால், பெட்டியில் 'ஃபயர்வால்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் இருக்கும். எந்தக் கருவியிலிருந்து, எங்கே, எந்தப் போர்ட் என்று விதி எழுத முடியுமா? விதிகளின் வரிசையை மாற்ற முடியுமா? ஐபிவி6-க்கும் (புது வகை இணைய முகவரி முறை) தனி ஃபயர்வால் உண்டா? இந்த மூன்றையும் கேளுங்கள். ஐபிவி6-இல் கருவிக்கு நேரடி முகவரியே கிடைக்கலாம் என்பதால் மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். டிபி-லிங்க் என்ற ரவுட்டர் கம்பெனி பல மாடல்களின் செட்டிங்ஸ் பக்கத்தை இணையத்திலேயே மாதிரியாக வைத்திருக்கிறது. காசு கொடுக்கும் முன் ஒருமுறை மேய்ந்து பாருங்கள். மைக்ரோடிக் என்ற இன்னொரு கம்பெனியின் சின்ன மாடல்களில் எல்லாமே செய்யலாம், ஆனால் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு வெளியிலிருந்து பார்க்க வேண்டாம். டிவிஆர் இணையத்துக்கே போகாதபடி விதி போட்டேன். கடிகாரம் மட்டும் வேலை செய்யட்டும் என்று யூடிபி 123-ஐ (இணையத்தில் நேரம் கேட்கும் போர்ட்) அனுமதித்தும் நேரம் தப்பாகக் காட்டுகிறது. ரவுட்டர் பழுதா, மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: பழுது இல்லை. 'டிவிஆரிலிருந்து எல்லாம் தடை' என்ற விதி மேலேயும் 123-க்கான அனுமதி கீழேயும் இருக்கிறதா பாருங்கள். ரவுட்டர்கள் பெரும்பாலும் மேலிருந்து படித்துப் பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். அனுமதியை மேலே ஏற்றுங்கள். நேரம் சொல்லும் சர்வரின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-உம் உங்கள் தடையில் சிக்கியிருக்கலாம்; அதனால் டிவிஆரில் டிஎன்எஸ் முகவரியாக ரவுட்டரையே கொடுங்கள். அப்புறம், ரவுட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரி கொடுப்பது) ரிசர்வேஷனில் டிவிஆருக்கு ஒரே முகவரியை நிலையாக ஒதுக்குங்கள். முகவரி மாறினால் தடை போய் பில் போடும் கம்ப்யூட்டர் மேல் விழலாம்.