கொஞ்ச இரவுகளை ஆர்.பி.ஜி.க்கும் போர்ட் கேமுக்கும் எப்படிப் பங்கிடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஆறு பேர் கொண்ட கூட்டம், எல்லோருக்கும் வேலை, குடும்பம். மாதத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று இரவுதான் விளையாடக் கிடைக்கிறது. பாதிப் பேர் ஆர்.பி.ஜி. (ரோல் பிளேயிங் கேம், பாத்திரமாக மாறிக் கதையாக விளையாடுவது) என்கிறார்கள், பாதிப் பேர் போர்ட் கேம் (மேசையில் விரித்து விளையாடும் பெட்டி ஆட்டம்) என்கிறார்கள். எப்படிப் பங்கிடுவது?

இதே நிலைமையில் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. நானும் அதில் ஒருவன். ஆகவே நாங்கள் செய்வதை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஒரு தரம் அது, மறுதரம் இது என்று மாற்றி மாற்றி விளையாடுவது நியாயம் போலத்தான் தெரியும். அந்த நியாயத்தில் அடிபடுவது ஆர்.பி.ஜி. மட்டும்தான். போர்ட் கேமில் புள்ளியைக் கூட்டிப் பெட்டியை மூடினால் கணக்கு முடிந்தது, ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆர்.பி.ஜி.யில் ஓடுவது கதை. ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து நிலைமையைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று என்ன செய்கிறோம் என்று சொல்ல, தாயக்கட்டை முடிவு சொல்லும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்.பி.ஜி.யை வெளியிட்ட நாளிலிருந்து அடிப்படை இதுதான். அந்தக் கதைக்கு இரண்டு மாத இடைவெளி விட்டுப் பாருங்கள். அடுத்த தரம் முதல் அரை மணித்தியாலம் "அந்தக் கிழவனிட்டத் திறப்பை வாங்கினமா இல்லையா" என்று கதைப்பதிலேயே போய்விடும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஆர்.பி.ஜி.க்கு அதே ஆட்கள் திரும்ப வரவேண்டும். போர்ட் கேமுக்கு வந்த ஆட்கள் போதும். எனவே இரவுகளை எண்ணிப் பங்கு போடாமல், எந்த இரவுக்கு எல்லோரும் கட்டாயம் வருவார்கள், எந்த இரவு "பார்ப்பம், வந்தா வாறன்" வகை என்று பிரியுங்கள். நிச்சயமான இரவு கதைக்கு, நிச்சயமில்லாத இரவு பெட்டிக்கு.

எங்களுக்கு நிச்சயமான நாள் என்றால் போயாதான். இலங்கையில் ஒவ்வொரு பூரணையும் பொது விடுமுறை. பள்ளிக்கூடம், வங்கி, கந்தோர் எல்லாம் பூட்டு, தேதியும் வருஷத் தொடக்கத்திலேயே கலண்டரில் இருக்கிறது. "அண்டைக்கு எனக்கு வேலை" என்று ஒருவரும் சொல்ல வழியில்லை. அடுத்த நாள் வேலை இருப்பதால் இரவு என்று வைக்காமல் பின்னேரம் நாலு மணிக்கே தொடங்கி எட்டுக்குள் முடிக்கிறோம். சித்திராப் பருவத்தன்று மட்டும் வைப்பதில்லை, அம்மா இல்லாதவர்களுக்கு அது விரத நாள். சனிக்கிழமை இரவுகளோ நேர்மாறு. ஒருவருக்குக் கலியாணவீடு, ஒருவருக்குச் சாமத்தியவீடு, ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி, ஒருவருக்கு ஊர்க் கோயிலில் அவர்களுடைய திருவிழா. ஆறு பேர் என்று நினைத்துக் கதிரை போட்டால் நாலு பேர் இருப்பார்கள். அந்த இரவு போர்ட் கேமுக்கு.

உங்களுக்குச் சரிப்பட்டு வரும் நாள் வேறாக இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு நாளைத் தேடிப் பிடித்தாக வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் நீளமான கதையைத் தொடங்கவே வேண்டாம்.

சரி, போயாவுக்குப் போயா 29, 30 நாள் இருக்கிறதே, அதுவும் நீளமான இடைவெளிதானே என்று கேட்பீர்கள். நடுவில் ஒரு ஞாயிறு இரவு போனில் விளையாடுகிறோம். இதற்கு வழி காட்டியது கனடா. எங்களில் ஒருவன் ரொறன்ரோவுக்குப் போய்விட்டான் (யாழ்ப்பாணத்தில் எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருவன் இருப்பான்). இங்கே இரவு ஏழரை என்றால் அங்கே கோடையில் காலை பத்து, குளிர்காலத்தில் ஒன்பது. ஞாயிறு காலையில் அவன் கோப்பியோடு வந்து இருப்பான், நாங்கள் சாப்பாட்டுக்கு முன் இரண்டு மணித்தியாலம் விளையாடிவிடுவோம். அவன் உருட்டுகிற தாயக்கட்டை கமராவில் தெரிவதில்லை. சந்தேகம் நிறைய இருக்கிறது, நிரூபிக்க வழியில்லை.

உங்கள் கேள்விக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன். நேரில் கூடுகிற இரவுகள்தான் குறைவு, எல்லா இரவுகளும் அல்ல. ஆர்.பி.ஜி. முழுக்க முழுக்கப் பேச்சு, ஆகவே அதைப் போனில் கொண்டுபோகலாம். போர்ட் கேம்களையும் இணையத்தில் விளையாடலாம், போர்ட் கேம் அரீனா என்ற தளத்தில், சதுர ஓடுகளைப் பொருத்தி விளையாடும் கார்க்கசோன் முதல் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் ஓடு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து "இதை எங்க வைக்கிறது" என்று முழிக்கிற சந்தோஷம் திரையில் இல்லை. மேசை இருக்கிற இரவை மேசை தேவைப்படுகிற விளையாட்டுக்குக் கொடுங்கள் என்பேன்.

அடுத்தது கேம் மாஸ்டர். பங்கு கேட்டுச் சண்டை பிடிக்கிற எவரும் இவரை நினைப்பதில்லை. மூன்று மணித்தியால விளையாட்டு என்றால் அவருக்கு மட்டும் அதற்கு முன்னால் இன்னொரு இரண்டு மூன்று மணித்தியால வேலை இருக்கிறது. எங்களுடைய ஆள் ஒரு ஆசிரியர். தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வருகிற காலத்தில் அவரிடம் போய் "அண்ணை, இந்தப் போயாவுக்குக் கதை ரெடியோ" என்று கேட்பது பாவம். எனவே எத்தனை பேருக்கு ஆர்.பி.ஜி. விருப்பம் என்று கை உயர்த்தச் சொல்வதை விட்டு, மாதத்தில் எத்தனை தரம் உங்களால் ஆயத்தம் செய்ய முடியும் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் எண்தான் உச்ச வரம்பு. மிச்சம் எல்லாம் தானாகவே போர்ட் கேம். அந்த இரவுகளில் அவரும் மற்றவர்களைப் போல வெறும் ஆளாக வந்து இருந்து, பிளேன்ரீ குடித்து, தோற்றுவிட்டுப் போகலாம்.

கதையை நீட்டாமல் வைப்பதும் அவருக்குச் செய்யும் உதவிதான். நாங்கள் தைப்பொங்கல் கழிந்து சித்திரை வருஷப்பிறப்பு வரைக்கும் என்று எல்லை போட்டுக்கொள்வோம். மூன்று நாலு போயா, நடுவில் ஞாயிறுகள், கதை முடிந்துவிட வேண்டும். வருஷக் கணக்கில் ஓடும் கதை என்று இணையத்தில் பெருமையாகச் சொல்வார்கள். மாதத்தில் இரண்டு இரவு கிடைக்கிறவர்களுக்கு அது ஆகாத ஆசை.

கடைசியாக விளையாடியது கால் ஆஃப் கதுல்ஹு, 1981இல் வந்த திகில் ஆட்டம். தொடக்க விதிகளை வெளியீட்டாளரே இலவசமாகத் தருகிறார். நாங்கள் கதையை நெடுந்தீவுக்குக் கொண்டு வந்தோம். குறிகட்டுவான் துறைக்குத் திரும்புகிற கடைசிப் படகு போய்விட்டது. இரவு. பவளக்கல் மதில்களுக்கு நடுவில் ஒழுங்கையால் நடக்கிறோம். பின்னால் குதிரைக் குளம்புச் சத்தம், ரோச்சைத் திருப்பி அடித்தால் ஒன்றும் இல்லை. நெடுந்தீவில் குதிரைகள் உண்டு என்று எங்களுக்குத் தெரியும், அதனால் முதலில் ஒருவரும் பயப்படவில்லை. "சரி, எத்தனை குதிரை என்று காது கொடுத்துக் கேட்டுப் பார்" என்றார் மாஸ்டர். கேட்கும் திறன் எனக்கு 40. நூறுக்கு உருட்டி 40க்குள் விழவேண்டும். விழுந்தது 41. அதிர்ஷ்டப் புள்ளி ஒன்றைச் செலவழித்தால் சரிக்கட்டலாம் என்று ஒரு விருப்ப விதி இருக்கிறது. "மச்சான், குடு, ஒண்டுதானே" என்று எல்லோரும் கத்துகிறார்கள். பிறகு தேவைப்படும் என்று நான் கொடுக்கவில்லை. மாஸ்டர் சிரித்துவிட்டுத் தாளில் எதையோ எழுதினார். அந்தத் தாளில் என்ன எழுதினார் என்று இரண்டு கிழமையாக ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு கிழமை என்பதால்தான் கேட்டோம். இரண்டு மாதம் என்றால் அந்த 41 ஒருவருக்கும் ஞாபகம் இருந்திராது.

ஆட்கள் குறைந்தால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே முடிவு பண்ணுங்கள். ஒருவர் வராவிட்டால் கதை நடக்கும், அவருடைய பாத்திரம் காய்ச்சலோடு படகுத்துறையில் படுத்திருக்கும். இருவர் வராவிட்டால் கதை இல்லை, பெட்டியைத் திறக்கவேண்டியதுதான். இதை முன்னமே பேசாவிட்டால் ஒவ்வொரு தரமும் கேற்றடியில் நின்று விவாதம் நடக்கும்.

போர்ட் கேம் இரவுக்கு எதை எடுப்பது? வருகிற எண்ணிக்கை தெரியாது என்பதால் அகலமாகப் பிடிக்கிற பெட்டி வேண்டும். 7 வொண்டர்ஸ் மூன்று பேரிலிருந்து ஏழு பேர் வரைக்கும் தாங்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ஸ் (சீட்டு) போடுவதால் ஆள் கூடினாலும் அரை மணித்தியாலத்தைப் பெரிதாகத் தாண்டாது. காட்டான் நல்ல ஆட்டம்தான், ஆனால் அடிப்படைப் பெட்டி மூன்று நாலு பேருக்கு மட்டும். ஐந்தாமவர் வந்து நின்றால் சங்கடம். கார்க்கசோனில் எனக்குப் பிடித்தது வேறொன்று: 72 ஓடுதான், மிச்சம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்தே தெரியும். ஒன்பது மணியாகிறது, வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது, இன்னும் பத்து ஓடு என்றால் இருந்து முடித்துவிட்டுப் போகலாம்.

ஆறு பேரும் வந்துவிட்டால் கோட்நேம்ஸ். இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஒருவர் ஒரு குறிப்புச் சொல்லும் அது எத்தனை அட்டைக்குப் பொருந்தும் என்ற எண்ணும் கொடுக்க, அவர் பக்கத்தார் தங்கள் சொற்களைக் கண்டுபிடிக்கிற ஆட்டம். ஆங்கிலச் சொல் அட்டைகளை ஒதுக்கிவிட்டு நாங்களே வெட்டி எழுதிய தமிழ் அட்டைகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. மேசையில் 25 சொல், ஒரு பக்கத்துக்கு ஒன்பது, மறு பக்கத்துக்கு எட்டு, ஏழு பொதுவானவை, ஒன்று தொட்டால் ஆட்டம் முடிகிற கொலைகாரன். ஒருவன் "கீரிமலை, மூன்று" என்று குறிப்புக் கொடுத்தான். கீரிமலை கடலோரத் தீர்த்தம் என்பதால் கேணி, அமாவாசை இரண்டும் உடனே வந்துவிட்டன. மூன்றாவது கடல் என்று எனக்கு நிச்சயம். என்னுடைய கூட்டாளி அங்கே இருக்கிற நகுலேஸ்வரம் கோயிலை நினைத்துக்கொண்டு "கோயில்" அட்டையைத் தொட்டான். கொலைகாரன். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறோம்.

அப்புறம் நம்முடைய 304 சீட்டாட்டத்தை மறந்துவிடாதீர்கள். 32 காட்ஸ், ஜக் 30, ஒன்பது 20, ஏசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2, ஒரு இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. துரும்பை மறைத்து வைத்துவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்க்கிற அந்தச் சுகத்துக்கு நிகரான போர்ட் கேம் பெட்டி எதையும் நான் இன்னும் காணவில்லை. குறை ஒன்றுதான்: நாலு பேர் விளையாட, மிச்ச இரண்டு பேர் பின்னால் நின்று புத்தி சொல்வார்கள்.

ஒரே இரவில் இரண்டையும் வைக்கலாமே என்று ஒரு யோசனை உங்கள் கூட்டத்திலும் வரும். மறுத்துவிடுங்கள். பிந்தி வருகிறவருக்காக "சும்மா ஒரு சின்ன ஆட்டம்" என்று திறக்கிற பெட்டி எட்டு மணி வரைக்கும் மூடுவதில்லை. பிறகு மிஞ்சுகிற ஒரு மணித்தியாலத்தில் கதை சூடு பிடிக்காது.

இரண்டுக்கும் பொதுவாக, கதை ஓடுகிற போர்ட் கேம் வாங்குவோம் என்பது அடுத்த யோசனை. பாண்டமிக் லெகசி, குளூம்ஹேவன் மாதிரி. நல்ல ஆட்டங்கள்தான், ஆனால் இரண்டுமே நாலு பேருக்குத்தான், நீங்கள் ஆறு பேர். ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வரவேண்டிய தொல்லை ஆர்.பி.ஜி.யைப் போலவே இருக்கும், நினைத்ததைச் செய்கிற சுதந்திரம் மட்டும் இருக்காது. அதோடு குளூம்ஹேவன் பெட்டி கிட்டத்தட்ட 10 கிலோ. லண்டனிலிருந்து வருகிற எந்த மாமா தன்னுடைய 30 கிலோவில் அதற்கு இடம் தருவார்?

மாமா என்றதும் ஞாபகம் வருகிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஆர்.பி.ஜி. எங்களுக்கு விடுமுறை. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான்மார், அவர்களுடைய பிள்ளைகள் என்று விறாந்தை நிறைந்துவிடும். அப்போது பெட்டிதான். ஐந்து நிமிஷத்தில் விதி சொல்லித் தொடங்கலாம், இரவுத் திருவிழாவுக்குக் கிளம்பும் நேரத்தில் நிறுத்தலாம்.

கடைசியாக, உங்கள் கூட்டத்தில் ஆர்.பி.ஜி. வேண்டாம் என்கிற அந்தப் பாதிப் பேரைப் பற்றி. அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே விளையாடிப் பார்த்தவர்கள் என்று விசாரியுங்கள். விளையாடாதவர்களுக்கு ஒரே இரவில் முடிகிற கதை ஒன்றை வையுங்கள். லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் என்று ஒன்று இருக்கிறது, முழு விதியும் ஒரே பக்கம், இலவசம், ஆயத்தமும் வேண்டாம். பார்த்துவிட்டும் பிடிக்கவில்லை என்றால் கதை இரவுகளில் அவர்களை வற்புறுத்தி இருத்த வேண்டாம். மாஸ்டரும் மூன்று பேரும் இருந்தால் கதை வடிவாக ஓடும், ஆறு பேரை விடக் கெதியாகவும் ஓடும். அவர்கள் சனிக்கிழமைக்கு வரட்டும்.