புதிய உறுப்பினர்களுக்குப் பயிற்சி: சபைக் கோவைகளிலிருந்தே தொடங்குங்கள்

கேள்வி: நுவரெலியா மாவட்டப் பிரதேச சபை ஒன்றின் தவிசாளர் நான். 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான எங்கள் உறுப்பினர்களில் பலர் சபைக்குப் புதியவர்கள். இரண்டு நாள் வதிவிடப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தார்கள். ஆனாலும் பாதீடு வந்தால் கையை உயர்த்துவதோடு சரி. இனி என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: அந்த இரண்டு நாளும் வீண் என்று சொல்லமாட்டோம். ஆனால் பொதுவான விரிவுரையில் உங்கள் சபையின் கணக்கு வராது, உங்கள் பாதையும் வராது. ஆகவே மாதாந்தக் கூட்டம் நடக்கும் நாளிலேயே, கூட்டத்துக்கு முன் மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். பயிற்சிக்கென்று தனி நாள் வைத்தால் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் உறுப்பினருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். அடுத்த முறை அவர் வரமாட்டார். 25 வீத ஒதுக்கீட்டில் வந்த பெண்கள்தான் முதலில் விடுபட்டுப் போவார்கள்.

மொழியை முதலில் சரிசெய்யுங்கள். உள்ளூராட்சி உறுப்பினர் சபையில் தன் கடமையைத் தமிழிலோ சிங்களத்திலோ செய்யலாம் என்று அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை சொல்கிறது. நிகழ்ச்சிநிரலும் கூட்டறிக்கையும் தமிழிலும் வரட்டும். வளவாளர் சிங்களத்தில் பேச, ஒருவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே கரையும். வடக்கு, கிழக்கில் பிரதேச சபைச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்துப் பாருங்கள். அவர் ஆயுள் முழுக்கச் சபைக் கோவைகளைத் தமிழிலேயே எழுதியவர். அங்குள்ள படிவங்களையும் கொண்டுவரச் சொல்லலாம்.

பாதீட்டு அமர்வைச் செப்டெம்பருக்குள் முடித்துவிடுங்கள். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. டிசம்பரில் படித்து யாருக்கு இலாபம்? கடந்த மூன்று ஆண்டு இறுதிக் கணக்குகளை எடுத்து, ஆதனவரி, ஏக்கர் வரி, வியாபார உரிமக் கட்டணம் என ஒவ்வொரு வரிசையிலும் ‘மதிப்பிட்டது’, ‘கிடைத்தது’ என்ற இரண்டு நிரல்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, போன வருடம் 10 இலட்சம் மதிப்பிட்டு 6 இலட்சம்தான் கிடைத்திருக்கிறது, இந்த வருடம் 11 இலட்சம் என்று போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 இலட்சம் காகிதத்தில்தான் இருக்கிறது. அதை நம்பிச் சேர்த்த வேலைகள் ஓகஸ்ட் வாக்கில் நின்றுபோகும். "நிலுவை எவ்வளவு, யாரிடம், எத்தனை வருடமாக?" என்று ஓர் உறுப்பினர் கேட்கப் பழகிவிட்டால் அந்த அமர்வு வெற்றி.

பாதை பற்றிய அமர்வை மண்டபத்தில் வைக்காதீர்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் ஒரு மதிப்பீட்டையும் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் கொங்கிரீட் 45 கனமீற்றர்; நம் ஆட்கள் பேசும் கணக்கில் ஏறக்குறைய 16 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). தடிப்பு 100 மில்லிமீற்றராகக் குறைந்தால் 30 கனமீற்றர்தான் போகும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஏனென்றால் ஓரப்பலகை ஆறு அங்குலம் காட்டும், நடுவில் அடிமண் மேடாக இருக்கும். கொங்கிரீட் கொட்டுவதற்கு முன் இரண்டு பலகைக்கும் குறுக்கே நூல் பிடித்து, நூலிலிருந்து அடிமண் வரை நடுவில் அளக்க வேண்டும். கொட்டிய பிறகு அளந்து பயனில்லை. பணம் போதாதென்றால் மதிப்பீட்டிலிருந்து முதலில் நீக்கப்படுவது பக்கக் கான் (வடிகால்). மலைச் சரிவில் அது இல்லாவிட்டால் மழைநீர் ஓரத்து மண்ணை அரித்து, பாரமேற்றிய லொறி ஏறும்போது விளிம்பு உடையும்.

அந்தப் பாதை தோட்டத்துக்குள் இருந்தால் இன்னொரு பாடமும் சேர்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது; 2018இல் அது திருத்தப்பட்டது. இன்னமும் "தோட்டத்துக்குள் செய்ய முடியாது" என்று பதில் வந்தால், திருத்தச் சட்டத்தின் பிரதியைக் கையில் வைத்துக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதேநேரம் காணி தோட்டத்துடையது. சபைத் தீர்மானமும் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூலச் சம்மதமும் கோவையில் இருக்கட்டும். தோட்டத்துரை வாய்வார்த்தையாகச் சரி என்றது, கணக்காய்வாளர் எழுத்தில் கேட்கும் ஐயவினாவுக்குப் பதிலாகாது.

மண்சரிவுக்கு ஒரு மணித்தியாலம் போதும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் அவதானம், 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேற்றம். இரவில் லயத்து ஆட்களை எந்தக் கட்டடத்துக்குக் கொண்டுபோவது, அதன் சாவி யாரிடம் என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் தன் வட்டாரத்துக்கு எழுதித் தரட்டும்.

பயிற்சி பலித்ததா என்று பார்க்க வரவுப் பதிவேட்டை எண்ணாதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கூட்டறிக்கைகளைப் புரட்டி, எத்தனை கேள்விகள் தொகையோடும் கோவை இலக்கத்தோடும் கேட்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்.