டிவி பணத்துக்காக இடம் மாறும் கல்லூரிகள்: டென்னிஸ் ஆடும் மகளை எங்கே சேர்ப்பது?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறோம். மகள் 11ஆம் வகுப்பு படிக்கிறாள், டென்னிஸ் ஆடுகிறாள். இரண்டு பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் அவளிடம் பேசியிருக்கிறார்கள். ஒன்று, 2024இல் பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு மாறிய பெரிய மேற்குக் கரைப் பல்கலைக்கழகம். மற்றது பிக் வெஸ்ட் கான்ஃபரன்ஸில் இருக்கும் சிறியது. பெரியதற்கு டிவி வருமானம் கோடிக்கணக்கில் வருகிறது என்கிறார்கள். அப்படியானால் அங்கே உதவித்தொகை உறுதி என்று நம்பலாமா? அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கான்ஃபரன்ஸ் மாறினால் என்ன ஆகும்? மகள் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) இருக்கிறாள்.

பதில்: நம்ப வேண்டாம். அந்தப் பணம் அமெரிக்க ஃபுட்பாலுக்காக வந்தது. பெருமளவு அந்த ஆட்டத்துக்கே திரும்பிப் போகிறது. உங்கள் மகளின் உதவித்தொகையை உறுதிசெய்வது அவள் கையில் கொடுக்கப்படும் ஒரு தாள் மட்டும்தான். அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன், கல்லூரிகள் ஏன் இப்படி இடம் மாறுகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாது.

கான்ஃபரன்ஸ் என்பது பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் போட்டி நடத்திக்கொள்ளும் கூட்டமைப்பாகத்தான் தொடங்கியது. 1984 வரை கல்லூரி ஃபுட்பாலை எந்த டிவி எத்தனை முறை காட்டலாம் என்பதை என்சிஏஏ என்ற தேசிய அமைப்பே முடிவுசெய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் தரப்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், அந்த ஏகபோகம் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் நட்சத்திரமாக இருந்தவர் அவர். கட்டுப்பாடு போனால் பணம் கல்வியை முந்திவிடும் என்று கவலைப்பட்டார். அவருடைய அதே கொலராடோ 2011இல் பிக் 12 கான்ஃபரன்ஸிலிருந்து மேற்குக் கரையின் பேக்-12 கான்ஃபரன்ஸுக்குப் போய், 2024இல் மறுபடி பிக் 12க்கே திரும்பியது என்பதைப் பார்க்கும்போது, அந்த மாற்றுத் தீர்ப்பை நான் ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு, விற்கும் உரிமை கல்லூரிகளுக்கு வந்தது. அவை கான்ஃபரன்ஸாகச் சேர்ந்து விற்றன. 2007இல் பிக் டென் தனக்கென்று ஒரு சேனலையே தொடங்கியது. அந்தக் காலத்தில் வருமானம் கேபிள் இணைப்புகளின் எண்ணிக்கையில் இருந்தது. ஆட்டத்தைப் பார்க்காத வீடும் மாதாமாதம் கட்டணம் கட்டும். 2014இல் மேரிலாந்தும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் பிக் டென்னில் சேர்க்கப்பட்டதற்கு வாஷிங்டன், நியூயார்க் வட்டாரங்களின் கேபிள் வீடுகள் முக்கியக் காரணம். பிறகு மக்கள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கினார்கள். நேரலையில் லட்சக்கணக்கானோரை உட்கார வைக்கும் நிகழ்ச்சி என்று டிவிக்கு மிஞ்சியது விளையாட்டுதான். எனவே ஊரின் அளவைவிட, சனிக்கிழமை இரவில் நாடு முழுவதும் பார்க்கும் பெரிய பெயர்களுக்கு மதிப்பு கூடியது.

உங்கள் பகுதியையே பாதித்தது பேக்-12இன் கதை. 1915இல் போர்ட்லண்டில் வேர்விட்ட கூட்டமைப்பு அது. 2012இல் அதுவும் சொந்த சேனல் தொடங்கியது, ஆனால் முழு உரிமையையும் தானே வைத்துக்கொண்டது. டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனத்தோடு கடைசிவரை ஒப்பந்தம் ஏற்படவேயில்லை, அதனால் பல வீடுகளில் அந்த சேனல் தெரியவில்லை. 2022-23 நிதியாண்டில் பிக் டென்னின் பழைய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 6 கோடி டாலர் கிடைத்தபோது, பேக்-12 உறுப்பினருக்குக் கிடைத்தது சுமார் 3.4 கோடி.

2022 ஜூன் 30 அன்று, பேக்-12இல் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. ஆகஸ்டில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று டிவி நிறுவனங்களோடும் பிக் டென் ஏழாண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். பேக்-12இல் எஞ்சிய பத்துக் கல்லூரிகள் ஓராண்டாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தன. கடைசியில் கையில் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஒரு திட்டம். எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்து வருமானம் கூடும். அதற்குள் 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பிவிட்டது. 2023 ஆகஸ்ட் 4 அன்று, மிச்சமிருந்தவர்கள் ஒப்புதல் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட நாளில், வாஷிங்டனும் ஆரிகனும் பிக் டென்னுக்குக் கிளம்பின. அன்றே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்குப் போயின. ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள். செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும், பெயரிலேயே அட்லாண்டிக் கரை இருக்கும் ஏசிசியில் சேர்ந்தன, அதுவும் பல ஆண்டுகளுக்குக் குறைந்த பங்கே போதும் என்று ஒப்புக்கொண்டு. ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் அநாதையாக நின்றன. இப்போது அவை வேறு கல்லூரிகளைச் சேர்த்து பேக்-12 என்ற பெயரை மீட்டெடுத்துக்கொண்டிருக்கின்றன. இந்தப் பேரங்கள் எதிலும் டென்னிஸ் என்ற சொல்லுக்கு விலை வைக்கப்படவில்லை.

விலை வைக்கப்படாத அந்தச் சொல்லுக்குத்தான் சுமை வந்தது. பழைய பேக்-12இன் வரைபடம் அழகானது. லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இரண்டு, அரிசோனாவில் இரண்டு, ஆரிகனில் இரண்டு, வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு என்று எல்லாம் ஜோடி ஜோடி. ஒரு பயணத்தில் இரண்டு ஆட்டம் முடித்துவிட்டு ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்பலாம். இப்போது பிக் டென்னில் 18 கல்லூரிகள், மூன்று கால மண்டலங்கள். பென் ஸ்டேட் இருப்பது பென்சில்வேனியாவின் நடுவே ஒரு சிறிய ஊரில். மேற்குக் கரையிலிருந்து போனால் வழியில் விமானம் மாறி ஏற வேண்டும். ஃபுட்பால் அணிக்குத் தனி விமானம். டென்னிஸ் அணி உங்களையும் என்னையும் போல வரிசையில் நின்று, நடு இருக்கையில் உட்கார்ந்து போகும். சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் கைபேசியில் பயண அட்டவணையைக் காட்டினாள். வியாழன் விடியற்காலை கிளம்பி, ஞாயிறு ஆட்டம் முடித்து, திங்கள் அதிகாலை ஒன்றரை மணிக்குத் தரையிறக்கம். அதற்குக் கீழே அவளே ஒரு வரி சேர்த்திருந்தாள்: காலை 9 மணி, வேதியியல் ஆய்வகம்.

எல்லா விளையாட்டுக்கும் இப்படி இல்லை. கோல்ஃப், நீச்சல், தடகளம் போன்றவற்றில் கான்ஃபரன்ஸ் என்பது பெரும்பாலும் ஆண்டு இறுதியில் ஒரு சாம்பியன்ஷிப் மட்டுமே. டென்னிஸ், வாலிபால், சாஃப்ட்பால் போல ஒவ்வொரு கல்லூரியோடும் நேருக்கு நேர் மோத வேண்டிய ஆட்டங்களுக்குத்தான் அடி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிக் டென்னுக்கு மாறியிராவிட்டால் சில விளையாட்டுகளையே மூட வேண்டி வந்திருக்கும் என்று யூசிஎல்ஏவின் விளையாட்டு இயக்குநர் அப்போதே சொன்னார். அது வெறும் சாக்கு என்று நான் நினைக்கவில்லை. 2020இல் ஸ்டான்ஃபோர்டு போன்ற செல்வமுள்ள பல்கலைக்கழகமே 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2021 மே மாதம் பின்வாங்கியது. 2025 மார்ச்சில் சான் லூயிஸ் ஒபிஸ்போவின் கால் பாலி நீச்சல் அணியைக் கலைத்தது. அது பிக் வெஸ்டில் இருக்கும் கல்லூரி. எனவே சிறிய இடம் என்பதாலேயே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இனி உதவித்தொகை. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தால் விதிகள் தலைகீழாயின. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் 2025-26இல் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். பெரிய இடங்கள் பலவற்றில் இதில் முக்கால் பங்கை ஃபுட்பால் எடுத்துக்கொள்கிறது, அடுத்தது ஆண்கள் கூடைப்பந்து. டென்னிஸுக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. உங்களுக்கு இதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. முன்பு, கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் பிரிவில், பெண்கள் டென்னிஸில் ஓர் அணிக்கு 8 உதவித்தொகை வரை கொடுக்கலாம், கொடுத்தால் ஒவ்வொன்றும் முழுத் தொகைக்குரியது. சமரசத்தில் சேர்ந்த இடங்களில் இப்போது அந்த வரம்பு போய், அணியில் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்திருக்கிறது. பத்துப் பேருக்கும் முழுத் தொகை கொடுக்க அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. பாதி, கால் என்று பிரித்தும் கொடுக்கலாம். பயிற்சியாளர் "ஸ்காலர்ஷிப் உண்டு" என்று சொன்னால், எத்தனை சதவீதம் என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம், எல்லோரும் கேட்பதுதான்.

பத்து என்ற எண்ணையும் நன்றாகப் பாருங்கள். கல்லூரி டென்னிஸில் ஒரு மோதலுக்கு ஏழு புள்ளி. மூன்று இரட்டையர் ஆட்டங்களும் சேர்ந்து ஒரு புள்ளி, ஆறு ஒற்றையர் ஆட்டங்களுக்கு ஆறு புள்ளி. ஆக, ஒற்றையரில் களமிறங்குவது ஆறு பேர். ஏழாவது முதல் பத்தாவது வரை இருப்பவர்கள் பயணம் போவார்களா, அடுத்த ஆண்டு அணியில் இருப்பார்களா என்பதெல்லாம் பயிற்சியாளர் கையில். வெளிநாடுகளிலிருந்து இருபது வயது கடந்த வீராங்கனைகள் நிறையப் பேர் வருகிறார்கள். உங்கள் மகளை எத்தனையாவது இடத்துக்கு நினைக்கிறார் என்று கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் நேராகச் சொல்வார்.

11ஆம் வகுப்பில் கிடைப்பது வாய்வார்த்தை மட்டுமே. அது எந்தப் பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. முன்பு கையெழுத்திடும் தேசிய ஒப்புதல் கடிதம் என்ற நடைமுறை 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தில் இப்போது பல்கலைக்கழகத்தோடு நேரடியாகச் செய்துகொள்ளும் நிதியுதவி ஒப்பந்தம். நான் சொன்ன தாள் இதுதான். அதில் தேட வேண்டியவை: எத்தனை ஆண்டுகளுக்கு, எவ்வளவு தொகை, எந்தச் செலவுகள் அடங்கும், காயம் பட்டால் என்ன, அணியில் இடமில்லை என்று நீக்கினால் என்ன, விளையாட்டையே நிறுத்தினால் பட்டம் முடியும்வரை தொகை தொடருமா. கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்திட வேண்டாம்.

கான்ஃபரன்ஸ் மறுபடி மாறினால் இந்த ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகாது. தொகையைக் கொடுப்பது பல்கலைக்கழகம், கான்ஃபரன்ஸ் அல்ல. மாறுவது பயணமும் எதிராளிகளும்தான். பிக் டென்னின் டிவி ஒப்பந்தம் 2029-30 பருவத்தோடு முடிகிறது. மகள் 2027 இலையுதிர்காலத்தில் சேர்ந்தால் அவள் காலத்திலேயே அடுத்த பேரம் வரும். பிக் வெஸ்டும் அசையாமல் நிற்கவில்லை. 2026இல் யூசி டேவிஸும் ஹவாயும் மவுண்டன் வெஸ்டுக்குப் போக, சேக்ரமென்டோ ஸ்டேட், யூட்டா வேலி, கலிஃபோர்னியா பாப்டிஸ்ட் உள்ளே வருவது என்று ஏற்பாடு. ஆனாலும் அங்கே பெரும்பாலான ஆட்டங்கள் கலிஃபோர்னியாவுக்குள்ளேயே நடக்கும். பிடிக்காமல் போனால் வேறு கல்லூரிக்கு மாறுவதும் முன்புபோல் கடினமில்லை. 2024 முதல், படிப்பில் தேவையான தகுதி இருந்தால் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம். மாறும்போது முடித்த பாடங்களின் கிரெடிட்டுகள் முழுவதும் ஏற்கப்படுமா என்பதுதான் பெரிய கவலை. பொறியியலிலும் அறிவியலிலும் இது ஓர் ஆண்டையே தின்றுவிடும்.

விசா விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. படிப்பு உதவித்தொகையை எச்-4இல் இருப்பவர் பெறலாம். ஆனால் வருமானப் பகிர்வுப் பணமும், விளம்பரங்களுக்காகத் தன் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தக் கொடுத்துப் பெறும் பணமும் வேறு. வேலை அனுமதி இல்லாதவர் அதை வாங்கினால் விசா நிலைக்கே ஆபத்து வரலாம். டென்னிஸ் மட்டை செய்யும் ஒரு நிறுவனம் இலவச மட்டை கொடுத்து, பதிலுக்கு சமூக ஊடகத்தில் படம் போடச் சொன்னாலும், ஒப்புக்கொள்வதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். கல்லூரி அதிகாரிகள் பலருக்கு எச்-4 பற்றி அவ்வளவாகத் தெரியாது, அவர்கள் வாய்மொழியை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் மகள் பெரிய இடத்தில் முதல் ஆறு பேருக்குள் வருவாள் என்றும், பாதிக்கு மேல் தொகை நான்கு ஆண்டுகளுக்கு எழுத்தில் உண்டு என்றும் இருந்தால் அங்கே போகலாம். ஒன்பதாவது, பத்தாவது இடமென்றால் சிறிய பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுப்பேன். வாரம் முழுக்கப் பயணம் செய்து ஆடாமல் திரும்பும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அந்தச் சோர்வு வேறு மாதிரியானது.

நேரில் பார்க்க அழைக்கும்போது, பெரிய ஃபுட்பால் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையை ஒதுக்கித் தருவார்கள். அரங்கம் நிறைந்திருக்கும், மகளின் கண்கள் விரியும். அதற்குப் போய்விட்டு வாருங்கள். அடுத்த வசந்தத்தில், டென்னிஸ் அணி கிழக்கே போய்த் திரும்பிய மறுநாள், ஒரு திங்கட்கிழமை மாலை, இன்னொரு முறை போங்கள். பயிற்சி முடிந்து வரும் மாணவிகளோடு உங்கள் மகளைத் தனியாக அரை மணி நேரம் பேச விடுங்கள். நீங்கள் காரிலேயே இருங்கள்.