வாசகர் கேள்வி–பதில்: முதுநிலை ஆய்வேடும் தேர்வாளரின் கேள்விகளும்

கேள்வி: ஐயா, டர்பனில் வணிக மேலாண்மை முதுநிலைப் பட்டத்துக்குப் பகுதி நேரமாகப் படித்து வருகிறேன். குடும்பக் கடைகளின் பொறுப்பு அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவதைப் பற்றி, சாட்ஸ்வொர்த்தில் 12 கடைக்காரர்களைப் பேட்டி கண்டு ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டேன். சென்னையில் எம்.பி.ஏ. படித்த என் சித்தி மகள், வாய்மொழித் தேர்வில் தடுமாறினால் எல்லாம் போச்சு என்று பயமுறுத்துகிறாள். 12 பேர் போதாது என்று தேர்வாளர் சொன்னால் நான் எப்படி வாதாடுவது? — வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறைக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் முதுநிலை ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு கிடையாது. ஆய்வேடு தேர்வாளர்களுக்கு அனுப்பப்படும். அவர்களுள் ஒருவராவது வெளிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராக இருப்பார். அவர்கள் எழுத்தில் அறிக்கை தருவார்கள். நேருக்கு நேர் பேசி வாதாடும் இடம், தரவு திரட்டத் தொடங்குவதற்கு முன் குழுவின் எதிரே ஆய்வுத் திட்டத்தை முன்வைத்ததோடு முடிந்துவிட்டது. இதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் இல்லாத ஓர் அறையில், உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் படிக்கப்போகிறார். அவருக்கு எழும் ஐயத்துக்கு அந்தப் பக்கத்திலேயே விடை இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் சிரித்துச் சமாளிக்கக்கூடிய ஓட்டையை இங்கே சமாளிக்க வழியில்லை.

12 என்ற எண்ணுக்கு வருவோம். பேட்டி முறை ஆய்வுகளில் பலரும் 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வைத்தான் துணைக்கு அழைப்பார்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் பேட்டி கண்ட கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகியோர், முதல் 12 பேட்டிகளுக்குள்ளேயே புதிய கருத்துகள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்று கண்டார்கள். ஆனால் அது ஓரளவு ஒரே தன்மையுடைய குழுவைப் பற்றிய முடிவு என்பதை மேற்கோள் காட்டுகிறவர்களில் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் 12 பேரில் துணிக்கடைக்காரரும் மளிகைக்காரரும் வாகன உதிரிபாகக் கடைக்காரரும் கலந்திருந்தால், அந்த மேற்கோளை மட்டும் நீட்டுவதால் தேர்வாளர் மசிய மாட்டார். உங்கள் தரவிலிருந்தே காட்டுங்கள். ஒவ்வொரு பேட்டியிலும் முதன்முறையாக எழுந்த கருத்துகள் எவை என்பதை வரிசை எண்ணோடு ஒரு சிறு அட்டவணையாக்கி, ஆய்வுமுறை இயலில் வையுங்கள். ‘மகள் கணக்காளர் வேலைக்குப் போய்விட்டாள், கடை அவளுக்கு வேண்டாம்’ என்ற கருத்து மூன்றாம் பேட்டியில் வந்து, ஏழாம் பேட்டிக்குப் பின் புதிதாக எதுவும் எழவில்லை என்று அந்த அட்டவணை காட்டினால், 12 போதுமா என்ற கேள்விக்கு அதுவே விடை. பதினோராம் பேட்டியிலும் புதிய கருத்துகள் வந்துகொண்டிருந்தால் இன்னும் சிலரைப் பார்ப்பதுதான் நேர்மை.

எண்ணிக்கையைவிட நான் அஞ்சுவது வேறொன்றை. குடும்ப நிறுவனம் பற்றி எழுதும் நம் மாணவர்கள் பலர், டாகியூரியும் டேவிஸும் ஹார்வர்டில் வகுத்த மூன்று வட்ட மாதிரியை, அதாவது குடும்பம், உடைமை, தொழில் என்ற மூன்றையும் ஒன்றோடொன்று வெட்டும் வட்டங்களாகக் காணும் முறையை, அப்படியே கொண்டுவந்து நம் கடைகளின் மேல் கவிழ்த்துவிடுகிறார்கள். மாதிரியில் குறையில்லை. ஆனால் இனவாரியாக வாழிடங்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ், வாழ்ந்த இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக 1960களில் எழுந்த ஊர் சாட்ஸ்வொர்த். உடைமை என்ற வட்டத்தைச் சட்டமே வெளியிலிருந்து வரைந்த இடம் அது. பழைய இடத்தில் கடையை இழந்து வந்த தாத்தா, இங்கே புதிதாக எழுப்பிய கடையைப் பேரனிடம் ஒப்படைக்கத் தயங்குவதற்கு, அமெரிக்கக் குடும்ப நிறுவனங்களைப் பற்றிய நூல்களில் காரணம் கிடைக்காது. கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடையை மீண்டும் திறந்தவர்கள் உங்கள் 12 பேரில் இருந்தால், அந்த அனுபவமும் பொறுப்பு கைமாறுவதை விரைவுபடுத்தியதா, தள்ளிப்போட்டதா என்பதைத் தேர்வாளர் தேடுவார். இந்தப் பகுதி வலுவாக இருந்தால், பேட்டி எண்ணிக்கையைப் பற்றிய முணுமுணுப்பு தானே அடங்கும்.

பொதுவாகச் சிறு திருத்தங்களோடு தேர்ச்சி, திருத்தி மறுபடி ஒப்படைத்தல், தோல்வி என்கிற வகையில் முடிவு வரும். திருத்தம் கேட்டு அறிக்கை வந்தால் மூன்று நெடுவரிசைகள் கொண்ட ஓர் அட்டவணையைத் தயாரியுங்கள்: தேர்வாளரின் கருத்து அவர் சொற்களிலேயே, நீங்கள் செய்தது, பக்க எண். ‘மாதிரிக் குழு சிறியது, பொதுமைப்படுத்த முடியாது’ என்று ஒருவர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘பொதுமைப்படுத்துவது இவ்வாய்வின் நோக்கமன்று, இதை ஆய்வுமுறை இயலில் தெளிவாக்கியுள்ளேன், முடிவுரையில் “தென்னாப்பிரிக்க இந்தியக் கடைகள்” என்றிருந்ததை “ஆய்வில் பங்கேற்ற சாட்ஸ்வொர்த் கடைகள்” என்று திருத்தியுள்ளேன்’ என்று எழுதுங்கள். பணிவும் இருக்கிறது, விட்டுக்கொடுக்காத இடமும் இருக்கிறது. உடன்படாத கருத்துக்கும் பதில் எழுதியே ஆக வேண்டும். ஒரு வரிசையை வெறுமையாக விட்டால் தேர்வாளரின் கண் நேரே அங்கேதான் போகும்.

கேள்வி: என் இலக்கிய மீளாய்வு மட்டுமே 90 பக்கம் வந்துவிட்டது. நெறியாளர் குறைக்கச் சொல்கிறார், மனம் வரவில்லை. — வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: குறையுங்கள். இந்நாட்டில் முதுநிலைப் பட்டம் குறைந்தது 180 மதிப்பலகுகள் கொண்டது. பாடங்களோடு சேர்ந்த பட்டமாயின் ஆய்வுக்கு அதில் குறைந்தது 60. ஓர் அலகுக்கு 10 மணி நேரம் என்ற கணக்கில் அது 600 மணி நேர உழைப்பு. அந்த 600 மணிக்குள்தான் தரவும் பகுப்பாய்வும் எழுத்தும் அடங்க வேண்டும். வீட்டில் நாற்காலியை விட்டு எழாமல் செய்யக்கூடிய வேலை இலக்கிய மீளாய்வு ஒன்றே என்பதால்தான் அது இப்படி வீங்குகிறது என்பது என் நெடுநாள் ஐயம். உங்கள் ஆய்வுக் கேள்விகளுள் எதற்கும் பயன்படாத பத்தியைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் மேற்பார்வையாளராக இருக்கும் நிறுவனத்திலேயே ஊழியர் மனநிறைவைப் பற்றி வினாநிரல் அனுப்பினேன். 1000 பேரில் 278 பேர் வேண்டும் என்று கிரெஜ்சி–மோர்கன் அட்டவணை சொல்கிறது. எனக்கு 140 விடைகள்தான் வந்தன. ஆய்வேடு தேறுமா? — வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: 1970ஆம் ஆண்டில் வெளியான அந்த அட்டவணையின் எண்ணைச் சரியாகவே எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அது குலுக்கல்போலச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்த மாதிரிக்குரியது. வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பை அனுப்பி, விடை தர விரும்பியவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தால், 278 வந்திருந்தாலும் அந்த அட்டவணை உங்களுக்கு அரணாகாது. எளிதில் கிடைத்தவர்களைக் கொண்ட வசதி மாதிரி என்றே ஒப்புக்கொண்டு, விடை தந்தவர்களும் தராதவர்களும் பிரிவுவாரியாக எந்த விகிதத்தில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டுங்கள். இரவுப் பணியினரில் மிகச் சிலரே விடை தந்திருந்தால், அவர்களது மனநிறைவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்பதை நீங்களே முதலில் எழுதிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் மேற்பார்வையாளர் என்பது. உங்களிடம் விடுப்புக்குக் கையொப்பம் வாங்குகிறவர் ‘மனநிறைவு இல்லை’ என்று எளிதில் குறிப்பாரா? உங்கள் கீழ் வேலை செய்கிறவர்களின் விடைகளைத் தனியே பிரித்து, அவற்றைச் சேர்த்தும் விலக்கியும் முடிவுகளை ஒப்பிட்டுக் காட்டுங்கள். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனியுங்கள். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள அந்தச் சட்டம், இனத்தையும் தொழிற்சங்க உறுப்பினர் நிலையையும் தனிச்சிறப்பான பாதுகாப்புக்குரிய தகவல்களாகக் கொள்கிறது. பெயர் கேட்கவில்லை என்பது மட்டும் போதாது. கணக்குப் பிரிவில் 50 வயதைக் கடந்த இந்தியப் பெண் ஒருவரே இருந்தால், பிரிவு, வயது, இனம், பாலினம் என்ற நான்கு கட்டங்களே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய குறுக்கு அட்டவணைகளை நீக்கிவிடுங்கள்.

நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வினாநிரலை அனுப்பிய நாளுக்கு முன்பே கிடைத்தவைதாமா என்று தேதிகளை இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். திரட்டிமுடித்த தரவுக்குப் பின்தேதியிட்ட ஒப்புதல் கிடைக்காது. தேதிகள் முரண்பட்டால் ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் நெறியாளரிடம் சென்று சொல்லிவிடுங்கள்.