மேடையில் எழுந்து கேட்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். தொலைக்காட்சி நாடகங்களுக்கு வசனம் எழுதுகிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த இயக்குநரை யூனிட்டில் எல்லாரும் 'வாத்தியார்' என்போம். வாய் திறந்தால் கெட்ட வார்த்தை. ஒருமுறை ஸ்கிரிப்ட் ஃபைலை என் முகத்தில் வீசினார். நான் எழுதிய எபிசோடுகளில் அவர் பெயர்தான் வந்தது. 4,800 ரிங்கிட் பாக்கி வேறு. விலகி 5 வருடத்துக்கு மேல் ஆகிறது. அடுத்த மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் அவருக்குப் பாராட்டு விழா. அங்கே எழுந்து நாலு கேள்வி கேட்கப் போகிறேன். என்மேல் அவர் கேஸ் போட முடியுமா?

பதில்: முடியும். போடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்குக் கோபம் வருவதில் தப்பே இல்லை. ஆனால் அவதூறு வழக்கில் முதலில் பார்ப்பது, நீங்கள் சொன்னது மூன்றாவது ஆள் காதில் விழுந்ததா என்பதைத்தான். அவரிடம் மட்டும் சொன்னால் அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள தகராறு. மண்டபத்தில் சொன்னால் அத்தனை பேர் காது, அதற்குமேல் கையில் போன். 'உண்மையைத்தானே சொன்னேன்' என்று வாதாடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும். ஃபைல் பறந்தபோது பக்கத்தில் யாராவது நின்றிருந்தாலும், இன்றைக்கும் அவரிடம்தான் வேலை செய்துகொண்டிருப்பார். சாட்சி சொல்ல வருவாரா?

ஆகவே கேளுங்கள், அவரிடம் மட்டும் கேளுங்கள். கடிதம்தான் நல்லது. என்ன நடந்தது, எப்போது, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, அவர் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உறையின் மேல் 'தனிப்பட்டது' என்று எழுதுங்கள், அலுவலகப் பெண் பிரித்துப் படித்துவிட்டால் அதுவும் ஒரு காது. யூனிட் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. நேரில்தான் பார்ப்பேன் என்றால் ஏதாவது ஒரு காப்பிக்கடையில் பாருங்கள். துணைக்கு வரும் தோழி நாலு மேசை தள்ளி உட்காரட்டும்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. இதைப் பாதி புரிந்துகொண்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். போலீஸ் புகாரில் எழுதியதற்காக அவதூறு வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பு முழுமையானது என்று 2012-இல் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. பொய்ப் புகார் கொடுத்தால் அது தனிக் குற்றம், அதை விடுங்கள். பாதுகாப்பு போலீஸிடம் கொடுத்த புகாருக்கு மட்டும்தான். அதே புகாரைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டீர்களானால் அந்தப் பதிவுக்குப் பாதுகாப்பு கிடையாது. தாள் ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான், ஆனால் பாலாய் (போலீஸ் நிலையம்) மேசையில் இருக்கும்வரை நீங்கள் புகார்தாரர், ஃபேஸ்புக்கில் ஏறிவிட்டால் பிரதிவாதி. 'ரிப்போர்ட் நம்பர் இருக்கிறதே, பயமென்ன' என்று டிக்டாக்கில் நம்பரைக் காட்டியவர்கள் என் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

சரி, புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? 5 வருடத்துக்கு முன் ஃபைல் வீசினார் என்றால் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 2024-இல் இணையத் துன்புறுத்தல் தாங்காமல் நம் பெண் ஒருத்தி உயிரை விட்டாள். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்குக் கிடைத்தது 100 ரிங்கிட் அபராதம். வண்டியைத் தப்பாக நிறுத்தினால்கூட அவ்வளவு கட்ட வேண்டிவரும். ஊரே கொதித்த பிறகுதான் குற்றவியல் சட்டத்தில் கொடுமைப்படுத்தலுக்கென்று புதுப் பிரிவுகள் சேர்த்தார்கள். 2025 ஜூலை 11-இல் அமலுக்கு வந்தன. உங்களுக்கு நடந்ததோ அதற்கு முன்பு. சட்டம் பின்னோக்கிப் பாயாது. ஒரு உயிர் போனால்தான் நமக்குச் சட்டம் வருகிறது, வந்த பிறகும் பழைய காயத்துக்கு உதவுவதில்லை.

வாத்தியாரின் தொல்லையில் பாலியல் பேச்சு இருந்திருந்தால் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கேட்கலாம். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. பெயர் போடாத விஷயத்துக்கு 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அது தனி வழக்கு, செலவும் தனி. எழுதிய வசனங்களை அனுப்பிய மின்னஞ்சல்களை மட்டும் அழிக்காமல் வையுங்கள்.

இப்போது நான் பயப்படுவது வாத்தியாரைப் பற்றி அல்ல. கடிதம் போன மறுவாரம் ஒருவர் போன் செய்வார். சங்கத் தலைவராகவோ கோயில் கமிட்டி ஐயாவாகவோ இருக்கலாம். "என்னம்மா, குடும்பம் மாதிரி பழகினீங்க, பேசி முடிச்சிடலாமே" என்பார். தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய தேநீர்) வாங்கித் தருவார். 1,500 ரிங்கிட் ரொக்கமும் மலாயில் ஒரு தாளும் நீட்டுவார். அதில் 'பெனுஹ் டான் முக்தமாட்' என்று ஒரு வரி இருக்கும். முழுமையாக, இறுதியாக முடிந்துவிட்டது என்று பொருள். கையெழுத்துப் போட்டால் மீதி 3,300 ரிங்கிட்டையும் அதோடு மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தது போல. ஐயாவுக்கு வாத்தியார் தனியாகக் கவர் கொடுத்திருப்பார், அது உங்களுக்குத் தெரியாது. அப்புறம் ரன்னர்கள், அதாவது வக்கீல் பெயரைச் சொல்லி ஆள் பிடிக்கும் தரகர்கள். 'வக்கீல் நோட்டீஸ் 300 வெள்ளி (ரிங்கிட்), ரெண்டு நாள்' என்று வாட்ஸ்அப்பில் வருவார்கள். நோட்டீஸில் இருக்கும் வக்கீல் பெயரை வழக்கறிஞர் மன்ற இணையதளத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அந்த அலுவலகத்துக்கே நேரடியாக போன் செய்து கேளுங்கள்.

உங்கள் பாக்கிக்கு வக்கீலே தேவையில்லை. 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு தொகை வழக்கு நீங்களே போடலாம், அவரும் வக்கீல் வைக்க முடியாது. 'பாரம் 198' என்ற படிவத்தை வாங்கி நிரப்புங்கள். ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் காலை முழுக்கக் காத்திருந்து, தேதி மாறிவிட்டது என்று கேட்டுத் திரும்ப நேரிடலாம். அதற்கு என்னைத் திட்டாதீர்கள், நானும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன்.

பணத்தைக் கேட்டு வழக்குப் போட 6 வருடம்தான். பணம் தர வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும், ஒவ்வொரு எபிசோடுக்கும் நாள் வேறு. அவர் 'அடுத்த வாரம் தரேன்' என்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் பழைய போனில் இருக்கும். அந்தப் போனை விற்றுவிடாமல் இன்றைக்கே சார்ஜ் போட்டு, முதல் எபிசோடின் தேதியைப் பாருங்கள்.